கழற்றியவர்கள் விட்டுச்சென்ற வயர்கள்: துணைக் காவல் பணியில் ஓடிய காருடன் நான்கு ஆண்டுகள்

துணைக் காவல் அதிகாரிகளின் சுற்றுக்காவல் பணியில் ஏழு ஆண்டுகள் ஓடிய 2 லிட்டர் பெட்ரோல் எஸ்யூவி ஒன்றை, 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பழைய கார் வணிகரிடமிருந்து வாங்கினேன். 2014இல் பதிவான வண்டி என்பதால், சிங்கப்பூரில் பத்தாண்டுக்குச் செல்லும் வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் மூன்று ஆண்டுகள் மீதமிருந்தன. அதே வயதுடைய மற்ற வண்டிகளைவிட விலையும் குறைவாக இருந்தது. எஞ்சினைப் பற்றியும் கியர்பாக்ஸைப் பற்றியும் இந்த நான்கு ஆண்டுகளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆகவே இங்கே எழுதுவது முழுக்க மின்சாரப் பகுதியைப் பற்றியே.

வாங்கிய இரண்டாவது வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) கார்நிறுத்துமிடத்தில் மூன்று நாள் எடுக்காமல் விட்டால், நான்காம் நாள் காலையில் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற ஓசைக்கு மேல் ஒன்றும் நடக்காது. பேட்டரி பழையது என்று வணிகர் சொன்னதை நம்பி 60 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைப் புதிதாகப் போட்டேன். ஐந்து மாதத்தில் அதுவும் படுத்தது, இன்னொன்று வாங்கினேன். அளந்து பார்க்காமல் பொருளை மாற்றியதற்கு நான் கட்டிய அபராதம் ஏறக்குறைய 300 வெள்ளி.

பிறகுதான் மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியின் எர்த் வயரை, அதாவது எதிர்முனை வயரை, கழற்றி, இடையே மீட்டரை இணைத்து, கதவுகளைப் பூட்டிவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன். இந்தக் காத்திருப்பு அவசியம். வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவிகள் உறங்கப் போவதற்கு முன் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளில்லை. (மீட்டர் இணைப்பில் இருப்பதை மறந்து ஒருமுறை ஸ்டார்ட் செய்யப் போய், அதன் 10 ஆம்பியர் ஃபியூஸை எரித்த அனுபவமும் எனக்கு உண்டு.) நிறுத்திவைத்த வண்டி 50 மில்லிஆம்பியருக்குள் இழுத்தால் போதுமானது. என் வண்டி 380 இழுத்தது. ஒரு நாளைக்கு ஒன்பது ஆம்பியர்-மணி, மூன்று நாளில் இருபத்தேழு என்று போட்டால் பேட்டரியில் பாதி காலி. அதற்குமேல் ஸ்டார்ட்டரைச் சுழற்ற வலு எங்கிருந்து வரும்?

எந்தச் சுற்று இப்படி இழுக்கிறது என்று அறிய ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவதுதான் வழக்கம். ஆனால் பிடுங்கிச் செருகும்போது உறங்கிய கருவிகள் விழித்துக்கொண்டு கணக்கைக் கெடுத்துவிடும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளந்தேன். மின்சாரம் ஓடும் ஃபியூஸில் சிறிதளவு மின்னழுத்தம் காட்டும், ஓடாததில் சுழியம். என் வண்டியில் எல்லாமே ஏறக்குறைய சுழியம் காட்டின. அப்படியென்றால் அந்த 380 மில்லிஆம்பியர் தொழிற்சாலை போட்ட வயரிங்கில் ஓடவே இல்லை.

இந்த இடத்தில் சின் மிங் வட்டாரப் பட்டறை ஒன்றில் வேலை செய்யும், ஜொகூரிலிருந்து நாள்தோறும் வந்து போகும் மின்வேலைக்காரர் ஒருவர் உதவினார். விவரத்தைக் கேட்டதும், "அண்ணே, போட்டவன் ஒழுங்காத்தான் போட்டிருப்பான், கழட்டினவன்தான் அவசரத்துல வெட்டியிருப்பான்" என்றார். பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்ட தடித்த சிவப்பு வயர் ஒன்று, எஞ்சின் அறைத் தடுப்பைத் துளைத்து, ஓட்டுநர் பக்கக் கம்பளத்துக்கு அடியில் ஓடி, பின்புறப் பக்கவாட்டு மூடிக்குள் முடிந்தது. அங்கே ஒரு டைமர் பெட்டியும் இரண்டு ரிலேக்களும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்) இருந்தன. எஞ்சினை அணைத்த பிறகும் தொலைத்தொடர்புக் கருவிக்குச் சிறிது நேரம் மின்சாரம் தருவதற்கான ஏற்பாடு அது. கருவியையும் கூரை விளக்கையும் கழற்றியவர்கள் டைமருக்குச் செல்லும் கட்டளை வயரையும் வெட்டிவிட்டதால், எப்போது அணைய வேண்டும் என்று தெரியாமல் அது இரவும் பகலும் ரிலேக்களைப் பிடித்துக்கொண்டே இருந்தது. ரிலே ஒன்றுக்கு 160 வீதம் இரண்டுக்கும் 320. மீதி டைமருக்கும் வண்டியின் இயல்பான தேவைக்கும். மொத்தத்தையும் எடுத்த பின் மீட்டர் 30 காட்டியது. அன்றுமுதல் பேட்டரிக் கவலை இல்லை.

இரண்டாவது கோளாறு மழையோடு வந்தது. கூரையில் தொலைத்தொடர்புக் கருவியின் ஆன்டெனா இருந்த துளையைச் சிலிக்கோன் பசையால் அடைத்திருந்தார்கள். வெயிலில் அது விரிசல் விட, 2022 டிசம்பர் மழையில் நீர் பின்தூணின் வழியே இறங்கி, இடப்பக்கப் பின்விளக்கின் எர்த் போல்ட்டை அரித்துவிட்டது. சிக்னல் போட்டால் பிரேக் விளக்கும் மங்கலாகச் சேர்ந்து மின்னும். இது எர்த் கெட்டதற்கான தெளிவான அடையாளம். விளக்குகள் எரியும்போது எர்த் முனைக்கும் பேட்டரியின் எதிர்முனைக்கும் இடையே 1.8 வோல்ட் காட்டியது. துருவைச் சுரண்டி, புதிய வளையமுனை பொருத்திய பின் 0.05 வோல்ட். துளைக்கு ரப்பர் அடைப்பான் போட்டு, மேலே உரிய பசையால் மூடினோம்.

2023 கட்டாயப் பரிசோதனையில் வலப்பக்க பிரேக் விளக்கு எரியாததால் வண்டி ஒருமுறை தேறாமல் திரும்பியது. பழைய விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்காக அந்த வயரைக் கிளிப்பால் கடித்துக் கிளை எடுத்திருந்தார்கள். கிளிப்பின் கத்தி செம்பு இழைகளைப் பாதி வெட்டியிருந்தது. மீதியைப் பச்சைக் களிம்பு தின்றிருந்தது.

ஓடோமீட்டர் காட்டும் 142,000 கிலோமீட்டரை நம்பி வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுற்றுக்காவல் வண்டி குளிரூட்டியோடு நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் இயங்கியிருக்கும். அந்த நேரம் எந்த எண்ணிலும் வராது. முகப்பு விளக்கும் குளிரூட்டியும் ஓடும்போது மின்னேற்றம் 13.8 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும், என்னுடையது 13.1க்கு இறங்கியதால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரை மாற்ற 350 வெள்ளி ஆயிற்று.

கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியாததைக் கோளாறு என்றே முதலில் நினைத்தேன். இருட்டில் இறங்கும் அதிகாரி வெளிச்சத்தில் தெரியக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அதைத் துண்டித்திருக்க வேண்டும். என் மகள் காலணியைத் தேடித் தவித்த பிறகு வயரை மீண்டும் இணைத்தேன்.

2024இல் வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு நீட்டித்தேன். இனி ஆண்டுதோறும் பரிசோதனை. கடந்த ஆண்டு, மின்னியல் சாலைக் கட்டணத்துக்கான புதிய கருவியைப் பொருத்த வந்த தொழில்நுட்பர், முன்பயணியின் காலடியில் அதற்கான இடத்தைத் திறந்ததும் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே எங்கும் இணையாத ஏழு வயர்கள் டேப் சுற்றிக் கிடந்தன. அவற்றின் மறுமுனைகளைக் கண்டுபிடித்து அகற்ற ஒரு சனிக்கிழமை முழுதும் சென்றது. கருவியை அடுத்த வாரம்தான் பொருத்த முடிந்தது.

இன்னும் தீராதது ஒன்றே. ஒலி 96.8 வானொலியைக் கேட்கும்போது எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய இரைச்சல் ஒன்று கூடவே வருகிறது. கூரைவரை செல்லும் ஆன்டெனா கேபிளின் மேலுறை எங்கோ எர்த்தை இழந்திருக்கிறது என்று ஐயப்படுகிறேன். அதைப் பார்க்கக் கூரைத் துணியை இறக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன்.