முதல் ஓட்டக் காலணி: தடித்த அடிப்பாகமா, மெல்லிய அடிப்பாகமா?

புதிதாக ஓடத் தொடங்குபவர் கடையில் முதலில் எதிர்கொள்வது, தடித்த நுரை வைத்த மெத்தென்ற ஷூவை வாங்குவதா, தரையை உணரவிடும் மெல்லிய ஷூவை வாங்குவதா என்னும் கேள்விதான். முன்னதில் குதிகால் பகுதி விரல் பகுதியைவிடப் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருப்பதால், கெண்டைக்காலிலும் குதிகால் தசைநாணிலும் விழும் இழுவிசை குறைகிறது. பின்னதில் இவ்வேறுபாடு 4 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுவதாலோ அறவே இல்லாததாலோ, அவ்விடங்கள் கூடுதல் பளுவைத் தாங்க வேண்டியிருக்கிறது.

மெல்லியதன் ஆதரவாளர்கள், 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலுடன் ஓடி வென்றதைச் சொல்வார்கள். அவரே 1964 இல் டோக்கியோவில் ஷூ அணிந்து வென்றதை ஏனோ சொல்வதில்லை.

மெல்லிய ஷூ எடை குறைந்தது, பாதத் தசைகளுக்கும் வேலை கொடுப்பது என்பது உண்மையே. ஆயினும் அதற்குக் கால் பழகப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்களே ஆகும் என்பதால், நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்திருந்துவிட்டு மாலையில் ஓட நினைப்பவருக்கு நான் தடித்ததையே பரிந்துரைப்பேன். அதிலும் நின்றாலே தள்ளாடச் செய்யும் அளவுக்கு மென்மையானதைத் தவிர்த்து, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், கால் பெருவிரலுக்கு முன் கைக் கட்டைவிரல் அகல இடைவெளி இருக்குமாறு பார்த்து வாங்குதல் நலம்.