கேவன்சைட் வாங்குறவங்க கவனத்துக்கு: 18,500 ரூபாய் பசையில் போச்சு

கோபம் ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். பேர் போடலை. ராத்திரி லைவ் வந்து, "யார் முதல்ல கமென்ட் போடறீங்களோ அவங்களுக்கே"ன்னு கல் விற்கிற சமூக வலைத்தளப் பக்கம். அங்கே வாங்கின கேவன்சைட் ஒட்டு வேலை. விலை 18,500 ரூபாய்.

புனே பக்கத்து வாகோலி குவாரிப் பாறையில ஸ்டில்பைட்ங்கிற வெள்ளைக் கனிமத்து மேல நீல உருண்டையா வளர்ற கல் இது. உலகத்துல நல்ல கேவன்சைட்னாலே வாகோலிதான். கடினம் மோஸ் அளவுகோல்ல 3 முதல் 4 தான், சுலபமா நொறுங்கவும் செய்யும், அதனால பாறையை உடைக்கும்போதே உருண்டை கழண்டு விழுந்துடும். கழண்ட உருண்டை மலிவு, அதுவே மேட்ரிக்ஸோட, அதாவது அது வளர்ந்த அடிப்பாறையோட இருந்தா பல மடங்கு விலை. ரெண்டையும் தனித்தனியா வாங்கி ஒட்டினா லாபம். மோசடி மொத்தமும் இவ்வளவுதான்.

நம்ப வைச்ச இடத்தைச் சொல்லணும். யாரும் கேட்காமலே, "ஒட்டு இருக்கான்னு சந்தேகமா? இதோ யூவி அடிக்கிறேன் பாருங்க"ன்னு புற ஊதா டார்ச்சை எடுத்தார். பசை இருந்தா அந்த வெளிச்சத்துல பெரும்பாலும் ஒளிரும். எதுவும் ஒளிரலை. தானா முன்வந்து சோதனை காட்டுற ஆளை யார் சந்தேகப்படுவா? அவர் அடிச்சது 395 நானோமீட்டர் டார்ச். அதுல கண்ணுக்குத் தெரியுற ஊதா வெளிச்சமே அதிகம்; கேமராவுல எல்லாமே ஊதாவாத்தான் தெரியும், பசையோட மங்கலான ஒளிர்வு அதுல அமுங்கிடும். தேவை 365 நானோமீட்டர், அதுவும் கறுப்பு ஃபில்டர் போட்டது.

கல் வந்ததும் இருட்டுல 365 அடிச்சா, உருண்டையோட அடியைச் சுத்தி நீலம் கலந்த வெள்ளையா ஒரு வளையம். 10x லூப்ல (பத்து மடங்கு பெரிசாக் காட்டுற கைலென்ஸ்) பார்த்தா வளையத்துக்குள்ள காற்றுக்குமிழி, அதை மறைக்கத் தூவின ஸ்டில்பைட் பொடி. படம் எடுத்து வச்சுட்டுத்தான் காதுக்குடையுற பஞ்சுல அசிட்டோன் தொட்டேன். பொடி கழண்டுச்சு, பசை வழவழன்னு இளகுச்சு, உருண்டை கையோட வந்துடுச்சு. அடிப்பக்கம் அரம் போட்டுத் தட்டையாக்கியிருக்கு. அது உட்கார்ந்திருந்த இடத்துல ஸ்டில்பைட் முனைகள் கொஞ்சமும் உடையாம இருக்கு, நீலத் துகள் ஒண்ணுகூட இல்லை. அங்கேயே வளர்ந்த உருண்டையைப் பெயர்த்தா நீல அடித்தூர் மிஞ்சியிருக்கணும்.

இனி அவங்க பதில்கள். முதல்ல "கூரியர்ல ஆடியிருக்கும்". கூரியர் உடைக்கும்தான், பசை போட்டு ஒட்டுமா? அப்புறம் "பழைய கலெக்‌ஷன், முந்தின ஓனர் ரிப்பேர் பண்ணியிருப்பார்". விழுந்த துண்டை அதே இடத்துல பொருத்தினாத்தான் அது ரிப்பேர், அதையும் சொல்லித்தான் விற்கணும். அப்புறம் "அசிட்டோன் போட்டு நீங்களே கெடுத்துட்டீங்க". அதுக்கு முன்னாடி எடுத்த யூவி படத்தை அனுப்பினேன், அதைப் பத்தி மூச்சே இல்லை. கடைசியா "இயற்கைக் கல்லுக்கு ரிட்டர்ன் கிடையாது சார்"னு சொல்லிட்டு பிளாக். இயற்கைக் கல்லாம்! 18,500 ரூபாய் வாங்கும்போது மட்டும் நிமிஷத்துக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியதை முழுசா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன். இப்போ கை ஓடலை, அவசரத்துக்கு இது போதும். உருண்டை மேட்ரிக்ஸைத் தொடுற இடத்தைப் பக்கவாட்டுல க்ளோஸப் கேளுங்க. மேலிருந்து மட்டுமே காட்டினா விட்டுடுங்க. யூவில கால்சைட்ங்கிற கனிமமும் ஒளிரும், அதனால நிறத்தை நம்பாதீங்க, விளிம்பை ஒட்டி ஓடுற கோடு இருக்கான்னு பாருங்க. அசிட்டோனுக்கு எபாக்ஸி வகைப் பசை சுலபத்துல இளகாது, கழலலைன்னா அசல்னு முடிவு கட்டாதீங்க. தொடும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்துல நெருப்பு வேண்டாம். உருண்டைக் கல்லை "பென்டகோனைட்"னு விலை ஏத்தினா வாங்காதீங்க. வேதியியல் ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா பென்டகோனைட் கூரான தகடுகளா, ஐந்து கை இரட்டைப் படிகமா வரும்.

பணத்தைத் தனிநபர் யூபிஐ நம்பருக்குப் போடாதீங்க. கிரெடிட் கார்டுன்னா சார்ஜ்பேக், அதாவது பேங்க் மூலமா பணத்தைத் திரும்பக் கேட்கலாம், என் 18,500 ரூபாய்க்கு அந்த வழியும் இல்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிஞ்சாச்சு. அந்தப் பக்கத்துல இன்னைக்கும் லைவ் ஓடிட்டிருக்கு.