பெரியம்மாவுக்குக் கிடைத்த இலவச வக்கீல்

இந்த முறை லண்டனிலிருந்து மதுரைக்கு வந்தபோது வங்கி, ஆதார் வேலைகள் சட்டென்று முடிந்தன. இழுத்தது புதூரில் இருக்கும் பெரியம்மாவின் விவகாரம். தாத்தா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர். சொந்தச் சம்பாத்தியத்தில் மேலூர்ப் பக்கம் அவர் வாங்கிய வயலுக்குப் பட்டா மாற்ற "சும்மா ஒரு கையெழுத்து" போதும் என்று மாமாக்கள் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். வாங்கிப் பார்த்தால் விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். (அம்மா இதே மாதிரி எப்போதோ எழுதிக் கொடுத்துவிட்டாராம். அது தனிக் கதை.)

விசாரிக்கப் போனால் டீக்கடையிலேயே "பத்தாயிரம் குடுங்க, முடிச்சிரலாம்" என்று ஒருவர் வந்துவிட்டார். அவரிடமிருந்து தப்பி மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினோம். வழியில் ஹைகோர்ட்டைப் பார்த்து, "இம்புட்டுப் பெரிய எடத்துக்கா போறோம்?" என்று பயந்தார் பெரியம்மா.

போனது மேலூர் கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி தரும் வட்ட சட்டப்பணிகள் குழுவுக்கு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த ஏற்பாடு இது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. பெரியம்மாவுக்குச் சொந்த வீடு இருப்பதும் தடையில்லை. மனு, ஆதார் நகல், அந்தப் பத்திரத்தின் நகல், அவ்வளவுதான். வக்கீல் இன்னொரு கேஸில் இருந்ததால் மதியம் தாண்டியும் பெஞ்சில் காத்திருந்தோம். இலவசம் என்றால் வேகம் என்று அர்த்தமில்லை.

வந்த வக்கீலம்மா பத்திரத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்தச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு. கையெழுத்துப் போட்டால் பங்கு போயிற்று. வழக்குப் போடுவதற்கு முன்பே மாமாக்களை அழைத்துப் பேசலாம், ஒத்துவந்தால் சமரசமாகத் தீர்த்து வைக்கும் மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம் என்றார். "ஆனா அங்க முடிஞ்சா அப்பீல் கெடையாதும்மா. படிச்சுப் பாக்காம சரின்னு சொல்லிராதீங்க."

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். சட்ட உதவிக்கான 15100 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள் என்பது புதூர்த் தெருவில் நான் கேட்ட யாருக்குமே தெரியவில்லை. டீக்கடையில் பத்தாயிரம் கேட்டவரின் எண் மட்டும் எல்லோரிடமும் இருந்தது. ஊருக்கு வரும் நம்மவர்கள் வக்கீல் செலவுக்குப் பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைக் கொடுக்கலாம்.

நோட்டீஸ் கிடைத்ததும் பெரிய மாமா எனக்குப் போன் செய்து, "வெளிநாட்டுல இருந்து வந்து குடும்பத்தப் பிரிக்கிறியா?" என்று கத்தினார். அப்புறம், பேச வருவதாகவும் சொன்னார்.