குன்னூர் விடுதியில் இரட்டைத் திரையிடல்: மூலமும் மறுஆக்கமும்

குன்னூரில் பழைய தோட்ட பங்களா ஒன்றை விடுதியாக நடத்துபவர்கள், வார இறுதிகளில் தங்கியிருப்போருக்கும் வெளியாருக்குமாகப் படம் திரையிடுகிறார்கள். சனிக்கிழமை மாலை மூலப்படம், ஞாயிறன்று அதன் மறுஆக்கம். கட்டணத்திலேயே தேநீரும் வர்க்கி என்ற நீலகிரிப் பேக்கரிப் பண்டமும் அடக்கம். வர்க்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. படத்தேர்வைப் பற்றித்தான் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் பார்த்தவை மலையாள ‘த்ரிஷ்யம்’ (2013), அதன் தமிழ் மறுஆக்கமான ‘பாபநாசம்’ (2015). இரண்டுக்கும் இயக்குநர் ஜீத்து ஜோசப்தான். கேபிள் டிவி நடத்தும் குடும்பத்தலைவர் ஒருவர், தான் பார்த்த சினிமாக்கள் தந்த அறிவை வைத்தே போலீசைச் சமாளிக்கும் கதையில் பெரிய மாற்றமும் இல்லை. ஆனால் இடுக்கி மலைநாட்டு ஜார்ஜுகுட்டி நெல்லைச் சீமையின் சுயம்புலிங்கமாகும்போது, ஜெயமோகனின் வசனத்தில் அந்த வட்டாரப் பேச்சு வந்து உட்கார்ந்துகொள்ள, அவருடைய சிக்கனமும் மனைவியைச் சீண்டுகிற கிண்டலும் வேறொரு ஊரின் குணமாகவே ஆகிவிடுகின்றன. மகனை இழந்த பெற்றோரிடம் பேசும் கடைசிக் காட்சியில் மோகன்லால் உள்ளுக்குள் அடக்கிக்கொள்வதைக் கமல்ஹாசன் உடைந்து கொட்டிவிடுகிறார். அந்தத் தாயாக இரண்டிலும் வருபவர் ஆஷா சரத்தே என்பதால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. எனக்கு மோகன்லாலின் அடக்கமே பிடித்திருந்தது. என்றாலும் அதைத் தமிழில் அப்படியே நகலெடுத்திருந்தால் சுயம்புலிங்கம் என்றொரு ஆளே இருந்திருக்க மாட்டார்.

அடுத்த இணை தமிழ் ‘மூன்றாம் பிறை’ (1982), அதன் இந்தி மறுஆக்கமான ‘சத்மா’ (1983). பக்கத்திலுள்ள கேத்தி வட்டாரத்தில் எடுத்த படம் என்பதால் அன்று உள்ளூர்க் கூட்டம் அதிகம். தெரிந்த சரிவோ மரமோ வரும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரே சலசலப்பு. பாலு மகேந்திரா, கமல், ஸ்ரீதேவி, சில்க் ஸ்மிதா, இளையராஜா எல்லாரும் இந்தியிலும் உண்டு. மலையும் இதே மலை. இவ்வளவும் கைவசம் இருந்தும் ‘சத்மா’ எனக்கு வெறுமையாகவே பட்டது. ஊட்டிப் பள்ளி ஆசிரியரும் அவரைச் சுற்றியிருப்பவர்களும் எந்தக் காரணமும் சொல்லப்படாமல் இந்தியில் பேசிக்கொள்ள, தமிழில் குடியிருப்பாக இருந்த இந்த மலை அங்கே வெறும் பின்னணியாகச் சுருங்கிவிடுகிறது. (இந்தி ரசிகர்களுக்கு இந்த உறுத்தல் இருந்திருக்காது, அவர்களில் பலர் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள்.) ரயில் நிலையத்துக் கடைசிக் காட்சி மட்டும் இரண்டிலும் ஒரே வலுவோடு நிற்கிறது. சேற்றில் விழுந்து எழுந்து, தலையில் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டு, குரங்கு போல் ஆடிக்காட்டி, குணமானதும் தன்னை மறந்துபோன பெண்ணுக்குத் தன்னை நினைவூட்டப் பார்க்கும் மனிதனுக்கு எந்த மொழியின் துணையும் வேண்டியிருக்கவில்லை.

சேவை என்ற அளவில் குறைகள் உண்டு. மலையாளப் படத்துக்கு வசன வரிகள் முதல் பாதி முழுவதும் பிந்தியே வந்தன, சொல்லியும் சரிசெய்யவில்லை. பெரிய கூடத்துக்கு ஒரே ஒரு ஹீட்டர் என்பதால் கம்பளி இல்லாமல் போவது உசிதமன்று. அறிமுக உரை படப்பிடிப்புக் கதைகளோடு நின்றுவிடுகிறது. மூலத்திலிருந்து எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று பத்து நிமிடம் பேசியிருந்தால் கொடுத்த பணத்துக்கு இன்னும் மதிப்புக் கூடியிருக்கும்.

நடத்துபவர்கள் திரையிடும் வரிசையையும் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம். மூலத்தை முந்தின நாளே பார்த்துவிட்டு வருபவர்கள் மறுநாள் காட்சிக்குக் காட்சி கணக்குப் பார்க்கிறார்களே தவிர, படத்தைப் பார்ப்பதில்லை. மறுஆக்கத்தைச் சனிக்கிழமைக்குக் கொண்டுவந்தால், அது தன் காலில் நிற்கிறதா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.