பேன் சீப்பும் தினசரி காலண்டரும்: மூன்று வருட அனுபவம்

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. பாபநாசம் பக்கத்தில் கிராமம். ஜூனில் பள்ளி திறந்து, மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும் சமயத்தில் பெரியவள் தலையைச் சொறிய ஆரம்பித்துவிடுவாள். பேன் ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தால் ஆடிப்பெருக்குக்குள் மறுபடியும் வந்திருக்கும். மூன்று வருடம் இதோடு போராடி, போன ஜூலையில்தான் ஒரு வழிக்கு வந்தோம்.

முதல் வருடம் வீட்டில் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். தலையணைக்கு அடியில் துளசி வைத்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன், பேன் குறைந்தது, போகவில்லை. அப்புறம் சீதாப்பழக் கொட்டையை இடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினேன். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது கண்ணில் வழிந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை, வலியில் துடித்தாள். கருவிழியின் மேல்தோல் உரிந்திருக்கிறது, இந்தக் கொட்டையால் இப்படி ஆவது புதிதில்லை என்றார் கண் டாக்டர். ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டுச் சரியானது. தயவுசெய்து அந்தக் கொட்டையைப் பிள்ளைகள் தலைப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான், ஒரு பொறி பட்டால் போதும்.

இரண்டாம் வருடம் வைத்தீஸ்வரன் கோயிலில் இரண்டு பேருக்கும் மொட்டை போட்டோம். வேண்டுதலும் இருந்தது, பேனும் ஒழியும் என்று நினைத்தோம். முடி ஒரு விரற்கடை வளர்ந்ததும் சின்னவள் தலையில் பேன் ஊர்ந்தது. எங்கிருந்து வந்தது என்று புரியவேயில்லை. எங்கள் ஊருக்கு வரும் நர்ஸ் அக்காதான், “உன் தலையை யார் பார்த்தது?” என்று கேட்டார். யாரும் பார்த்ததில்லை. எனக்கு அரிப்பே இல்லையே என்றேன். அரிப்பு என்பது பேன் கடிக்கும்போது இறங்கும் எச்சிலுக்கு நம் தோல் காட்டும் ஒவ்வாமை. முதல் தடவை பேன் பிடித்தால் அரிப்புத் தொடங்கவே நாலைந்து வாரம் ஆகும், சிலருக்கு வராமலே போகும் என்றார். அன்றைக்கே வாரிப் பார்த்தேன். என் தலையில் நான்கு பேன் இருந்தது. தினமும் இரண்டு பிள்ளைகளையும் அணைத்துப் படுத்தது நான்தான். பேன் குதிக்காது, பறக்காது; தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. ஈர் பொரிய 7 முதல் 10 நாள். பொரிந்த குஞ்சு வளர்ந்து முட்டை வைக்க இன்னும் ஒன்று, ஒன்றரை வாரம். மருந்து பேனைக் கொல்லும். எல்லா ஈரையும் கொல்லாது. நான் ஒரு தடவை மருந்து போட்டுவிட்டு, அடுத்த பேன் கண்ணில் படும்வரை சும்மா இருந்திருக்கிறேன். அதற்குள் குஞ்சுகள் வளர்ந்து முட்டையும் வைத்திருக்கும். மருந்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு நாள் கணக்கில் இருந்தது.

மூன்றாம் வருடம் தினசரி காலண்டரில் தேதி குறித்துச் செய்தேன். முதல் நாள் 1 சதவீதப் பெர்மெத்ரின் என்ற பேன் மருந்து. சாதாரண ஷாம்பூவில் அலசி, துண்டால் ஈரத்தை ஒற்றிவிட்டுத் தடவ வேண்டும். அதற்கு முன்னால் கண்டிஷனர் போட்டால் மருந்து சரியாகப் பிடிக்காது. கண்ணை மடித்த துண்டால் மூடிக்கொண்டு 10 நிமிடம் வைத்து அலசினோம். ஒன்பதாம் நாள் மறுபடியும். நான், மாமியார், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் தலையிலும் பேன் இருந்தது. நான்கு பேருக்கும் ஒரே நாளில் போட்டோம். என் வீட்டுக்காரருக்கு இல்லை.

நடுவில் நான்கு நாளைக்கு ஒருமுறை ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி வாரினேன். உண்மையில் வேலை செய்தது இதுதான் என்று நினைக்கிறேன். அப்பாயி காலத்து மர ஈருளி வீட்டில் இருக்கிறது, அது வறண்ட முடியில் ஈரை உருவ நல்லது. பிளாஸ்டிக் பேன் சீப்பு கண்டிஷனர் முடியில் வளைந்துகொடுக்கிறது, குஞ்சு தப்பிவிடும். நீளப் பல் வைத்த ஸ்டீல் சீப்புதான் சரி. திண்ணையில் வெயில் படும்படி பிள்ளையை உட்காரவைத்து, முடியை நான்கு பாகமாகப் பிரித்து, பல் தலைத்தோலில் படும்படி வைத்து நுனிவரை ஒரே இழுப்பு. இழுத்ததும் வெள்ளைத் துணியில் துடைக்க வேண்டும். எள்ளுப் போலக் கறுப்பாக இருப்பது பெரியது. குஞ்சு கம்பு அளவுகூட இருக்காது, வெளிறி இருக்கும், கால் அசைந்தால்தான் தெரியும். முதல் நாள் பெரியவள் தலையில் 31 எண்ணினேன். ஐந்தாம் நாள் 6. ஒன்பதாம் நாள் 2, இரண்டும் குஞ்சு. பதிமூன்றாம் நாள் துணி சுத்தமாக இருந்தது.

ஈர் மட்டும் முடியில் தெரிந்தால் பதற வேண்டாம். தலைத்தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி ஒட்டியிருப்பது பெரும்பாலும் பொரிந்துபோன வெறும் ஓடு. தலையணை உறை, துண்டு, ரிப்பனைச் சுடுதண்ணீரில் போட்டு வெயிலில் காயவைத்தால் போதும். தலையை விட்டு விழுந்த பேன் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

பெரியவளை வகுப்பில் இரண்டு வாரம் தனி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவள் என்னிடம் சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித்தான் தெரியும். பேன் சுத்தமான தலையிலும் வரும், அதனால் நோய் எதுவும் பரவாது. பேனுக்காகப் பிள்ளையைப் பள்ளியை விட்டு நிறுத்தக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் வழிகாட்டுதலே. நான் போய்ப் பேசினேன், டீச்சர் கேட்டுக்கொண்டார்.

பொங்கலுக்கு நாத்தனார் பிள்ளைகள் வந்து போனபின் சின்னவளிடம் மூன்று கிடைத்தது. மருந்து போடவில்லை, சீப்பு மட்டும்தான், இரண்டு வாரத்தில் போய்விட்டது. இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திண்ணையில் வாருகிறோம். என் தலையைப் பெரியவள் வாருகிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு “இல்லம்மா” என்பாள்.