கொக்குவில் ஒழுங்கைக்குள் ஒரு கூத்து உடுப்புக் கடை

நாடகம் படிக்க யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள், முக்கியமாக என்னைப்போலத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள், வந்த கையோடு தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது. கடை என்று சொன்னாலும் பெயர்ப் பலகை கிடையாது. கொக்குவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிற வீடு, அதன் விறாந்தையும் விறாந்தையை ஒட்டிய இரண்டு அறைகளும்தான் கடை. "கூத்து உடுப்புக்கார ஐயா வீடு எது?" என்று கேட்டால் யாரும் கையைக் காட்டுவார்கள். ஐயாவும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள், அவர் கட்டிவிடுவார், அன்ரி தைப்பார்.

நான் புதுச்சேரியில் நாடகம் படிக்கிறேன், ஒரு பருவத்துக்கு இங்கே வந்தேன். பருவக் கடைசியில் எல்லா வேலையும் ஒரே வாரத்தில் வந்து குவிந்தது. காலையில் வகுப்பு, மத்தியானம் இங்கேயே இருக்கிற திருநெல்வேலிப் பக்கம் (நம்ம ஊர் திருநெல்வேலி இல்லை) ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரங்க விளையாட்டு, சாயங்காலம் காத்தவராயன் கூத்து ஒத்திகை, அது முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருதனார்மடம் பக்கம் போய் மயான காண்டம் என்ற இசை நாடகத்துக்குப் பாட்டுப் பயிற்சி. நடுவில், 1978இல் நாடகாசிரியர் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி பற்றி ஒரு கட்டுரை வேறு எழுதிக் கொடுக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாடு பெரும்பாலும் பாணும் சம்பலும்தான், அதையும் கட்டுரையைத் திருத்திக்கொண்டேதான் சாப்பிட்டேன். வியாழக்கிழமை கூத்து, ஞாயிற்றுக்கிழமை இசை நாடகம், திங்கள்வரை இரண்டுக்கும் உடுப்பு இல்லை. டவுனில் ஒரு கடையில் முதலில் விசாரித்தோம், பளபளவென்று எல்லாம் இருந்தது, ஆனால் எடுத்துப் பார்த்தால் பாதிச் சமிக்கி கையோடு வந்தது. என்ன கூத்து, யார் ஆடுகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அளவு மட்டும்தான் கேட்டார்கள்.

கொக்குவில் ஐயா அளவைக் கடைசியாகத்தான் கேட்டார். எந்தக் கூத்து, எத்தனை மணித்தியாலம், மேடையா கோயில் வீதியா, கீழே மண்ணா சீமெந்தா, ஆர்மோனியம் யார், இதெல்லாம் முதலில். எங்கள் குழுவில் ஒருவர் சுவரில் தொங்கிய சிவப்பு வெல்வெட் உடுப்பைக் காட்டி அதுதான் வேண்டும் என்றார், மார்புப் பதக்கம், தோளணி எல்லாம் வைத்துத் தைத்த கனமான உடுப்பு. ஐயா தலையை ஆட்டினார். "தம்பி, உது தென்மோடிக்கு, ராசா பாட்டுக்காரருக்கு. காத்தான் கழுவிலை ஏறப்போற பெடியன். உதைப் போட்டால் நடக்கேலாது." தென்மோடி என்பது இங்கே ஆடுகிற இன்னொரு கூத்து வகை.

நடக்க முடியாது என்று அவர் சொன்னது எவ்வளவு சரி என்று கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காத்தவராயன் கூத்தைச் சிந்துநடைக் கூத்து என்றே இங்கே சொல்கிறார்கள், பாட்டின் தாளத்துக்கு நடந்து நடந்து போகிற மெல்லிய ஆட்டம் அது. நம்ம ஊர் தெருக்கூத்தில் கட்டை வேஷம், அதாவது மரத்தில் செய்த கனமான அணிகள், கட்டிக்கொண்டு சுற்றுகிற கிறுகி ஆட்டத்துக்குப் பழகிய உடம்பு எனக்கு, கனம் தோளில் ஏறினால்தான் பாத்திரம் வரும் என்று நினைக்கிற பழக்கம். இங்கே அவர் எடுத்துக் கொடுத்தது இடுப்பை இறுக்கிக் கட்டுகிற ஒரு கச்சை, மெல்லிய மேற்சட்டை, சின்னக் கிரீடம், அவ்வளவுதான். இந்தக் கூத்தில் காத்தானை ஒரே ஆள் ஆடுவதில்லை, வயது ஏற ஏற முன்காத்தான், நடுக்காத்தான், பின்காத்தான் என்று ஆள் மாறும். மூன்று பேருக்கும் ஒரே நிறத்தில் கச்சையை எடுத்து வைத்தார், ஆள் மாறினாலும் பார்க்கிறவர்கள் தடுமாறக் கூடாதாம். எங்கள் நெறியாளர்கூட அதை யோசிக்கவில்லை. சதங்கையை அன்றைக்கே கொண்டுபோகச் சொன்னார், ஒத்திகை நாட்களுக்கு வாடகை வாங்கவில்லை. ஆடுகிற நாளில் புதுச் சதங்கையைக் கட்டினால் கால் அதன் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருக்கும், பாட்டைக் கேட்காது என்றார்.

மயான காண்டத்துக்கு உடுப்புக் கேட்டுப் போனது இன்னும் நன்றாக இருந்தது. அரிச்சந்திரன் சுடலை காக்க, சந்திரமதி பாம்பு கடித்து இறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற பகுதி. நடிகமணி வி. வி. வைரமுத்துவை வைத்தே இந்த ஊர் இந்த நாடகத்தை நினைக்கிறது, அவர் பாடியதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் முன்வரிசையில் வந்து உட்காருகிறார்கள், அதனால் எனக்குப் பயம் அதிகம். சந்திரமதியாக நடித்தது நான்தான், ஒரு நல்ல சேலையும் நகையும் கேட்டேன். ஐயா தரவில்லை. "பிள்ளை, அவள் அடிமையா வித்துப்போட்ட ஆள். என்னட்டை இருக்கிறதெல்லாம் மினுங்கிற சீலை. நீங்கள் இருக்கிற வீட்டிலை ஆரிட்டையும் பழைய நூல் சீலை ஒண்டு கேளுங்கோ, அது காணும்." வாடகைக்கு விடுகிறவர் வாடகை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன், வெளுத்துப்போன ஒரு சேலையைத் தந்தார். சனிக்கிழமை அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது, முந்தானையை எந்தப் பக்கம் செருகினால் பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்து பாட வசதி என்று அன்ரி கட்டிக் காட்டினார். அதற்கும் காசு வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில் நான் ஒருமுறைகூடச் சேலையைச் சரிசெய்யவில்லை, முழுக் கவனமும் பாட்டில் இருந்தது.

சரி, குறைகளும் இருக்கின்றன. உடுப்புகள் ஆண்கள் அளவில் தைத்தவை. பெண்கள் ஆடினால் தோளில் தொங்கும், அன்ரி ஊசி குத்தித் தருவார், ஆனால் அதற்கு நேரம் வேண்டும், அவசரமாகப் போய் எடுத்துக்கொண்டு ஓடிவர முடியாது. டோப்பாக்கள் நன்றாகவே இல்லை, முடி கொட்டிப்போனவை, அவற்றை நம்ப வேண்டாம், சொந்த முடியை வைத்துச் சமாளிப்பது மேல். உள் அறையில் வெளிச்சம் போதாது, நிறம் பார்க்க வேண்டுமானால் பகலில் போங்கள். தொலைபேசியை எடுக்கவே மாட்டார்கள், நேரே போக வேண்டியதுதான். கார்ட் எல்லாம் கிடையாது, முற்பணம் கையில் ரொக்கமாக. வெளிநாட்டு மாணவர் என்றால் இங்கே தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு போவது நல்லது, எங்களோடு படிக்கிற யாழ்ப்பாணத்துத் தோழி வந்ததால்தான் பாஸ்போர்ட் கேட்கிற பேச்சே வரவில்லை. வாடகை நியாயம், புதுச்சேரியில் இதே மாதிரி உடுப்புக்கு நாங்கள் கொடுக்கிறதைவிடக் குறைவு.

காலமும் பார்க்க வேண்டும். தவக்காலத்தில் போனால் ஒன்றும் கிடைக்காது, கத்தோலிக்கப் பங்குகளில் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சி போடுகிற நாட்கள் அவை, உரோமைப் போர்வீரர் தொப்பியிலிருந்து எல்லாம் வெளியே போய்விடும். அம்மன் கோயில் திருவிழாக் காலத்தில் காத்தவராயன் செட் முழுக்கக் கோயில்களுக்குத்தான். பள்ளிக்கூடங்களுக்குத் தமிழ்த் தினப் போட்டி வந்தால் விறாந்தை முழுக்க ஆசிரியர்களும் பிள்ளைகளும். நாடகமும் அரங்கியலும் இங்கே உயர்தரம்வரை பாடமாக இருக்கிறது, பதினேழு வயதுப் பிள்ளைகள் கிரீடத்தைத் தலையில் வைத்துப் பார்த்து, இது எனக்குப் பெரிசு, நெற்றி மறையுது என்று தெளிவாகச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதை அங்கே உட்கார்ந்து பார்த்தேன். எனக்கு அது பெரிய பொறாமை. பள்ளிக்கூடத்தில் நாடகத்தை ஒரு பாடமாக எடுத்துப் படிக்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை, கல்லூரிக்கு வந்த பிறகுதான் எல்லாமே.

ஒப்பனைக்கும் அவரே வருவார், தனியாகப் பேச வேண்டும். எங்கள் கூத்துக்கு வந்தார். கடைசி நேரத்தில் கலங்கி நின்ற பின்காத்தானுக்குக் கச்சையை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, "இப்ப மூச்சை விடு, பிறகு பாடு" என்று மட்டும் சொன்னார். கழுவேறுகிற இடத்தில் அந்தப் பையனின் குரல் உடையவே இல்லை. மூச்சைப் பற்றி வகுப்பில் எவ்வளவோ பேசியிருக்கிறோம், கச்சையின் இறுக்கம் வயிற்றிலிருந்து பாட வைக்கும் என்பதை அன்றைக்கு அவரிடம்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம். அதனால்தான் சொல்கிறேன், உடுப்பு எடுக்கிற வேலையை யாராவது ஒருவர் தலையில் கட்டாமல் ஆடுகிறவர்கள் எல்லாரும் போங்கள். உங்கள் வாரம் எவ்வளவு நெருக்கடியாக இருந்தாலும் ஒரு மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள். பிளேன்ரீ வரும், அதையும் குடித்துவிட்டு அவர் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுங்கள்.

திருப்பிக் கொடுக்கும்போது துவைத்துவிடாதீர்கள், வெல்வெட்டும் ஜரிகையும் தண்ணீரில் போய்விடும். வியர்வை ஈரத்தோடு பைக்குள் அடைக்காமல், ராத்திரி நிழலில் விரித்துப் போட்டுக் காயவைத்து, மறுநாள் காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். பின்னேரம் அடுத்த ஊர்க்காரர் அதே உடுப்புக்கு வந்து நிற்பார்.