மார்த்தாண்டம் ஐந்து தளத் துணிக்கடை: ஓணக் கூட்டத்தில் புகை சூழ்ந்தால் எந்தப் படியில் இறங்குவது?

மார்த்தாண்டம் மேம்பாலத்தை ஒட்டிய கடை இது. கசவு முண்டு எடுக்கப் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தெல்லாம் ஆள் வருகிறது. ரகமும் விலையும் ஊருக்கே தெரியும். இங்கே கட்டடத்தை மட்டும் பார்க்கிறோம். பின்படிக்கட்டு அருமை. நடுவில் இருக்கும் எஸ்கலேட்டர் கூடம்தான் கவலை.

தரைத்தளத்திலிருந்து நாலாம் மாடிக் கூரை வரை அந்தக் கூடம் திறந்தே கிடக்கிறது. கீழே துணிக்கட்டில் தீப்பிடித்தால் அதுதான் புகைக்கூண்டு. புகை நேரே கூரைக்கு ஏறி, பரந்து, படலமாகக் கீழே இறங்கும். ஆகவே தீக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு முன்னால் நாலாம் மாடியில் பட்டு பார்ப்பவருக்கு மூச்சு முட்டும். 1997இல் டெல்லி உபஹார் திரையரங்கில் தீ தரைத்தள மின்மாற்றியில்தான் பிடித்தது. இறந்த 59 பேரில் பெரும்பாலோர் மேலே பால்கனியில் இருந்தவர்கள்.

கூரையில் புகை இழுக்கும் விசிறிகள் இருக்கின்றன, நல்லது. ஆனால் விசிறி இழுக்கும் அளவுக்குக் கீழிருந்து வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். அதற்காகச் சுவரில் வைத்த லூவர்களை, அதாவது காற்று நுழையும் சாய்தகட்டுத் திறப்புகளை, மறைத்துப் பொம்மைகளை நிறுத்தியிருக்கிறார்கள். காற்று வரவில்லை என்றால் விசிறி சும்மா சுற்றும், புகை வெளியேறாது. உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிப்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளுவதும் கஷ்டமாகும். பொம்மைகளை நகர்த்த ஒரு பைசா செலவில்லை.

வாசலில் ஊதுபத்தி பிடித்தால் புகை தெருப்பக்கம் போகும். ஏசியின் குளிர்ந்த காற்று கனமாகி அடியில் வழிந்து வெளியேறுவதே காரணம். தீப்புகையும் இப்படியே வெளியே போய்விடும் என்று யாரும் நம்பவேண்டாம். சூடான புகையின் மேலெழும் வேகத்துக்கு முன் ஏசிக் காற்று நிற்காது. அலாரம் அடித்ததும் ஏசி விசிறிகள் தானாக நிற்கவும் வேண்டும், இல்லையென்றால் குழாய் வழியே அவையே புகையை மாடி மாடியாகக் கொண்டுபோகும்.

பின்படிக்கட்டு தனிச் சுவருக்குள் இருக்கிறது, கீழே நேராகச் சந்துக்குத் திறக்கிறது. புகை நுழையாதபடி 50 பாஸ்கல் காற்றழுத்தம் தரும் விசிறியும் உண்டு. குறை இரண்டாம் மாடித் தீக்கதவில். லுங்கிக் கட்டு ஒன்றை அணைகொடுத்து அதைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். "சரக்கு ஏத்தி இறக்கணும்லா அண்ணே" என்கிறார் விற்பனைப் பையன். அவர் சிரமம் உண்மைதான். ஆனால் அந்த ஒரு கதவு வழியே அழுத்தம் ஒழுகிப் போனால் மற்ற மாடிகளுக்கும் காப்பு கிடையாது. கதவைத் திறந்தபடி பிடித்திருந்து, அலாரம் அடித்ததும் விடுவிக்கும் காந்தப்பிடி ஒன்று பொருத்தினால் அவருக்கும் வாடிக்கையாளருக்கும் பிரச்சினை தீரும்.

அந்த லுங்கிக் கட்டை எடுத்துவிட்டுக் கதவை முழுக்கத் திறந்து விட்டால் தானாக மூடி, பூட்டு நாக்கு டக்கென்று விழவேண்டும். இங்கே விரற்கடை இடைவெளியில் நின்றுவிடுகிறது. க்ளோசரில் (கதவைத் தானாக மூடும் கருவி) கடைசி வேகத்துக்கான திருகைக் கால் சுற்று தளர்த்தினால் சரியாகும். நிலையைச் சுற்றியுள்ள புகைத்தடுப்புப் பிரஷின் மேல் பெயின்ட் அடித்து அது விறைத்துப்போயிருக்கிறது, மாற்றியே ஆகவேண்டும்.

மேல்மாடி ஒவ்வொன்றும் சுமார் 600 சதுர மீட்டர். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி மேல்மாடிக் கடையில் ஆளுக்கு 6 சதுர மீட்டர், ஆக 100 பேர். படிக்கட்டில் ஆளுக்கு 10 மி.மீ. அகலம், ஆக இங்குள்ள 1.5 மீட்டர் 150 பேரைத் தாங்கும். சாதாரண நாளில் போதும். உத்திராடத்துக்கு முந்தின மாலை போதாது, அன்று வாசலில் ஆள் எண்ணித்தான் மேலே விடவேண்டும்.

முன்படியில் வெளியேறும் வழிப் பலகை வெறும் பெயின்ட், பின்படியில் ஒளிரும் பலகை. ஜப்பானிய ஆய்வாளர் ததாஹிசா ஜின்னின் கணக்குப்படி, பெயின்ட் பலகை 6 மீட்டருக்குத் தெரியும் புகையில் ஒளிரும் பலகை 16 மீட்டருக்குத் தெரியும். அதே அளவு புகை கண்ணை எரிப்பதாக இருந்தால் நடை குருடர் நடையாகிவிடும்.

பெரிய குறை அறிவிப்பு. ஒலிபெருக்கியில் ஆங்கிலம் மட்டுமே. மணி அடித்ததும் யாரும் ஓடுவதில்லை. கீழ்மாடியில் நிற்கும் கணவனை மனைவி தேடுவாள், குடும்பம் கூடிய பிறகுதான் கிளம்பும், அதுவும் ஏறி வந்த வழியாகவே. "பின்படியில் இறங்குங்கள்" என்று தமிழிலும் மலையாளத்திலும் தெளிவாகச் சொன்னால் அந்தத் தயக்கத்தில் பல நிமிடம் மிச்சமாகும்.

மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. பின்படிக்கட்டின் கதவு, மாடிதோறும் டிரையல் ரூம் வரிசைக்குப் பின்னால், இடது கோடியில் இருக்கிறது.